துருவேறிய ஸ்டட்டை ஒடிக்காமல் கழற்றுவது எப்படி?

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ‘டிக்டிக்டிக்’ என்று ஒரு சத்தம். மாட்டுத்தாவணியைத் தாண்டுவதற்குள் சத்தத்தைக் காணோம். மறுநாள் காலை மறுபடி ஆஜர். உங்கள் வண்டி இப்படிச் செய்தால், டேப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வைத் தொடுவதற்கு முன்னால், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டும், அதிலிருந்து வரும் புகையைச் சைலன்சர் பைப்புக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேருகிற இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுப்புக்கரி இழுவினாற்போல அங்கே கறுப்பாக ஒரு தடம் தெரிந்தால், இரண்டுக்கும் நடுவே இடுக்கை அடைக்கிற பேக்கிங் போய்விட்டது. பில்லில் கேஸ்கெட் என்று எழுதுவார்கள். நம்ம ஊர்ப் பட்டறையில் அது பேக்கிங்தான். ஆறிக் கிடக்கும்போது அந்த இடுக்கு வழியே புகை பீறிடுகிறது, அதுதான் சத்தம். சூடேறியதும் உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்கிறது. சத்தம்தான் நின்றுவிட்டதே என்று விட்டுவிட முடியாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. வெளிக்காற்று உள்ளே வருகிற வழியிலேயே அதுவும் வந்து வண்டிக்குள் உட்காரும்.

பேக்கிங் மாற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. நட்டைக் கழற்று, மேனிஃபோல்டை இழு, பழசைச் சுரண்டு, புதுசை வை, முறுக்கு. எழுதிப் பார்த்தால் ஒரு வரி. வினையெல்லாம் அந்த முதல் இரண்டு சொல்லில் இருக்கிறது. வயசான வண்டியில் நட்டு, அது ஏறியிருக்கும் ஸ்டட் என்கிற மரைக் கம்பியோடு ஒன்றிப்போய் உட்கார்ந்திருக்கும். ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தால் நட்டு வராது, ஸ்டட் ஒடியும். அடிக்கட்டை ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அரை நாள் வேலை ஒன்பது நாள் ஆகும்.

எனக்கு ஆனது. ஒத்தக்கடைப் பக்கம் வீட்டு வாசலில், எதிரே யானைமலை பார்த்துக்கொண்டிருக்க, என்னுடைய மூன்று சிலிண்டர் சின்னக் காரில் ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து அது. அதற்குப் பிறகு என் வண்டியிலும் சொந்தக்காரர்கள் வண்டியிலுமாக நாலைந்து மேனிஃபோல்டு கழற்றிவிட்டேன். ஒன்றும் ஒடியவில்லை. நான் மெக்கானிக் இல்லை. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் பூசிக்கொள்கிற ஆள். முதல் முறை இறங்குகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானே விழுந்த இடம்.

ஏன் இந்தப் பிடிவாதம்

ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட்டு. இரண்டு பக்கமும் மரை. ஒரு பக்கம் ஹெட்டுக்குள் இறங்கி உட்காரும். மறுபக்கம் மேனிஃபோல்டின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் நட்டு ஏறும். ஆக, இறுகிப்போவதற்கு இரண்டு இடம். நட்டுப் பக்கம் இறுக்குவது துரு. இன்ஜின் ஓடும்போது பழுக்கக் காய்ந்து, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து, வருஷக்கணக்காக இப்படியே போனால் மரை இடுக்கெல்லாம் துரு ஏறிச் சிமென்ட்டு மாதிரி கெட்டியாகிவிடும்.

ஹெட்டுப் பக்கம் சமாசாரம் வேறு. இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. இரண்டு வேறு உலோகம் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகி, முன்பு இருந்ததைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டட்டை நெருக்கும். பழைய அம்பாசிடர் பெட்ரோல் வண்டிகளில் ஹெட் வார்ப்பிரும்பு என்பதால் இந்த வம்பு இல்லை. அங்கே துரு மட்டும்தான்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஒரு மீட்டர் நீள அலுமினியக் கம்பியை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் சுமார் 2.3 மி.மீ. நீளும். அதே நீள எஃகு 1.2 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். அதாவது ஹெட்டைச் சூடாக்கினால், உள்ளே இருக்கிற ஸ்டட் பருப்பதைவிட வெளியே இருக்கிற துளை அதிகமாக அகலும். 8 மி.மீ. ஸ்டட்டில் இந்த வித்தியாசம் தலைமுடியில் கால்வாசிகூட இருக்காது. பிடித்து வைத்திருக்கிற பொடியை உடைக்க அது போதும்.

வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள்

ஞாயிறு காலையில் பானெட்டைத் திறந்து ஞாயிறு மதியத்துக்குள் முடிப்பேன் என்பவர்தான் ஸ்டட்டை ஒடிப்பார். ஞாயிறு வேலைக்கு வெள்ளி சாயங்காலமே எண்ணெய் போட வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். மேனிஃபோல்டின் மேல் இருக்கும் வெப்பத் தகட்டை எடுங்கள். அதன் சின்னப் போல்ட்டுகளே சில சமயம் முதல் தகராறைத் தொடங்கிவைக்கும். போனால் போகட்டும், தகட்டில் ஓட்டை பெரிதானால் வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். மேனிஃபோல்டில் ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் அதன் சாக்கெட்டைப் பிரித்து ஒயரை ஓரமாகக் கட்டுங்கள். கீழே சைலன்சர் பைப்பைப் பிரிக்க வண்டிக்கு அடியில் போக வேண்டி வந்தால் ஜாக்கை நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்த பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

பிறகு கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் படிந்த துருவையும் கரியையும் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்டு பாதி வழி வந்ததும் இந்தக் குப்பையில் மாட்டி நின்றுபோகும். ‘வந்துவிட்டது’ என்ற சந்தோஷத்தில் அழுத்துவோம், அங்கே ஒடியும்.

அடுத்து எண்ணெய். டபிள்யூ டி 40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஓரளவு வேலை செய்யும். துருவுக்கென்றே விற்கிற ஊடுருவும் எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய பட்டறைகளில் டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து அடிப்பார்கள், அதற்கும் பலன் உண்டு. பெயின்ட்டில் மட்டும் சிந்தவிடாதீர்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதே கணக்கு. வெள்ளி இரவு ஒரு தடவை, சனி காலை ஒரு தடவை, சனி இரவு ஒரு தடவை. நட்டின் இரண்டு பக்கமும் படவேண்டும். மேனிஃபோல்டுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கிலும் விடுங்கள். இன்ஜின் கொதிக்கும்போது அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். கை வைத்தால் சுடும், ஆனால் வைத்திருக்க முடியும் என்கிற சூட்டில் அடித்தால், ஆறும்போது இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தடவை அடித்த பிறகும் அரைக்கிலோ சுத்தியலால் நட்டின் நெற்றியில் நாலைந்து தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம்; பூட்டுக்காரர் பூட்டைத் தட்டுகிற மாதிரி, ‘டண்’ என்று எதிரொலி வருகிற தட்டு. ஸ்டட்டின் நுனி நசுங்கி மரை கெடாமல் இருக்க, நடுவில் ஒரு பித்தளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வில் துருவில் விரிசல் விழும், விரிசலில் எண்ணெய் இறங்கும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இந்த வேலைக்கு நேரடியாகவே பொருந்தும்.

நட்டு நகர்கிறதா, ஸ்பேனர் நகர்கிறதா

ஞாயிறு காலை ஆறு மணிக்கே இறங்கிவிடுங்கள். மதுரை வெயிலில் பத்து மணிக்கு மேல் ஸ்பேனரையே தொட முடியாது. எரிச்சலில் இருக்கும் கைக்குப் பொறுமை இருக்காது.

ஸ்பேனர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 8 மி.மீ. ஸ்டட்டின் நட்டு, ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் பெரும்பாலும் 12, ஐரோப்பிய வண்டிகளில் 13. துரு தின்ற நட்டில் 12 தொளதொளவென்று இருந்தால், அரம் போட்டு ஒரு பொடிசு சாக்கெட்டை அடித்து ஏற்றுவது உண்டு. ஆறு முனை சாக்கெட்டே வாங்குங்கள். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும், மூலை வழுக்கினால் நட்டு உருண்டைதான். ஓப்பன் ஸ்பேனரை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நீளமான பைப்பைச் செருகி இழுக்கும் ஆசையையும் அடக்குங்கள். இந்த அளவு ஸ்டட்டுக்கு மேனுவலில் போட்டிருக்கும் முறுக்கு பொதுவாக 20 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 15 கிலோ எடையைத் தூக்குகிற பலத்தில் இழுத்தாலே 44 நியூட்டன் மீட்டர். 60 செ.மீ. பைப் போட்டால் 88. துரு தின்று மெலிந்த எஃகு அதைத் தாங்காது.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். எங்கள் தெருவில் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன் இருக்கிறார். நான் முதல் தடவை ஸ்பேனரைப் பிடித்து, “அண்ணே, நகருதுண்ணே!” என்று கத்தியபோது காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தார். “தம்பி, ஸ்பேனர் நகருதுன்னு சந்தோசப்படாத. நட்டு நகருதான்னு பாரு” என்றார். நான் பார்க்கவில்லை. அடுத்த இழுப்பில் ஸ்டட் கையோடு வந்துவிட்டது, பாதி மட்டும்.

அதனால் இப்போதெல்லாம் ஆபீஸ் ஒயிட்னரை எடுத்துக்கொண்டுதான் இறங்குவேன். ஸ்டட்டின் நுனியில் தொடங்கி, நட்டின் முகத்தின் வழியே, மேனிஃபோல்டு வரைக்கும் ஒரே நேர்கோடு இழுங்கள். பிறகு ஸ்பேனரை மெதுவாக அழுத்துங்கள். முதலில் இறுக்கும் பக்கம், ஒரு நூல். ஆமாம், இறுக்கும் பக்கம்தான். துருவின் பிடி உடைய எந்தத் திசையில் நகர்ந்தாலும் சரி. இந்தப் பக்கம் ஒரு சின்ன அசைவு கிடைத்தால் அந்தப் பக்கம் எளிதாகும். அதன் பிறகு தளர்த்தும் பக்கம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு கையை எடுத்துக் கோட்டைப் பாருங்கள்.

நட்டில் உள்ள கோடு மட்டும் விலகி, ஸ்டட் நுனியின் கோடு அப்படியே நின்றால் நட்டு வருகிறது, கொண்டாடலாம். நட்டும் ஸ்டட்டும் சேர்ந்து விலகி, கையை எடுத்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றால், ஸ்டட் ஹெட்டிலிருந்து முழுசாகக் கழன்று வருகிறது என்று பொருள், அதுவும் நல்லதே. இரண்டும் சேர்ந்து விலகி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் ஒன்றும் கழலவில்லை, ஸ்டட் முறுக்கேறுகிறது. அங்கேயே நிறுத்துங்கள். எண்ணெய் அடித்து, தட்டி, ஒரு மணி நேரம் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வாருங்கள்.

இதில் ஏமாற்றுகிற நிலை ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து விலகும், திரும்பவும் வராது, ஆனால் ஸ்டட் கழல்வதில்லை. எஃகு இளகி முறுகிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கைதான் சொல்லும். நிஜமாகக் கழலும்போது ‘கிர்ர்ர்க்’ என்று ஒரு கீச்சலோ ‘டிக்’ என்று ஒரு வெடிப்போ கேட்கும், பிடி முரட்டுத்தனமாக, சொரசொரப்பாக இருக்கும். ஒடியப்போகும்போது சத்தமே வராது. இவ்வளவு நேரம் கல் மாதிரி இருந்தது திடீரென்று சூயிங்கம் மாதிரி வழுவழுவென்று போகும். அந்த மென்மையைக் கை உணர்ந்த நொடியில் விட்டுவிட வேண்டும். நான் அதைத்தான் ‘நகருதுண்ணே’ என்று கத்தினேன்.

நட்டு அசைந்துவிட்டால் ஒரே ஓட்டமாகக் கழற்றாதீர்கள். கால் சுற்று தளர்த்தினால் அதில் பாதி திருப்பி இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. “அங்கிட்டு ரெண்டு, இங்கிட்டு ஒண்ணு” என்பார் அண்ணன். மரைக்குள் உடைந்த துருத்தூள் ஒரே பக்கம் குவிந்து நெரிக்காமல் இருக்க இதுவே வழி.

நட்டு உருண்டுபோனால் அதோடு மல்லுக்கட்டாமல் நட்டையே பலி கொடுங்கள். நட்டைப் பிளக்கும் நட் ஸ்ப்ளிட்டர் நுழைய இடமிருந்தால் அது. இல்லையென்றால் சின்ன கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை மரை தெரியும் அளவுக்குச் சீவி, அந்த இடத்தில் உளி வைத்து ஒரு தட்டு, நட்டு பிளந்துகொள்ளும். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம். பெட்ரோல் பைப் பக்கத்தில் இருந்தால் ஈரச்சாக்கை மடித்து மறைப்பு வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

ஸ்டட்டையும் எடுக்க வேண்டுமா?

நட்டெல்லாம் வந்து மேனிஃபோல்டை இழுத்தாயிற்று. ஸ்டட்டுகள் ஹெட்டில் நின்றுகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். என்னைக் கேட்டால், மரை நன்றாக இருக்கிற, நேராக நிற்கிற ஸ்டட்டைத் தொடாதீர்கள். புது நட்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள்; கடைசி வரை விரலாலேயே ஏறினால் அந்த ஸ்டட் இன்னும் பல வருஷம் உழைக்கும். மரை கெட்டது, நடுவில் இடுப்பு சிறுத்தது, வளைந்தது: இவை மட்டும் வெளியே வரட்டும்.

அதற்கு எளிய வழி இரட்டை நட்டு. ஸ்டட்டில் இரண்டு நட்டை ஏற்றி, இரண்டு ஸ்பேனரால் ஒன்றோடொன்று மோதவிட்டு இறுக்குங்கள். இப்போது உள்பக்க நட்டைத் தளர்த்தும் திசையில் திருகினால், அது வெளி நட்டில் முட்டிக்கொண்டு ஸ்டட்டையே திருப்பும். புதியவர்கள் பழக்கதோஷத்தில் வெளி நட்டைத் திருகுவார்கள். அது தனியே கழன்று வந்துவிடும், ஸ்டட் சிரித்துக்கொண்டு நிற்கும். இரட்டை நட்டு வழுக்கினால் ஸ்டட் ரிமூவர். உள்ளே உருளை வைத்தது, மரையைக் கெடுக்காமல் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்கும். பைப் ரெஞ்சும் பிடிக்கும்தான், ஆனால் மரையை மென்றுவிடும். எப்படியும் தூக்கி எறியப்போகிற ஸ்டட் என்றால் பரவாயில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் சூடு. முன்பு சொன்ன கணக்கை இங்கே பயன்படுத்துங்கள். சின்ன கேஸ் டார்ச்சின் தீயை ஸ்டட்டின் மேல் காட்டாமல், ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தின் மேல் ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாகக் காட்டுங்கள். அலுமினியம் சிவக்காது, நிறம் மாறாமலே இளகி உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று துள்ளி ஓடும் சூடு வந்ததும் போதும். தீயை அணைத்துவிட்டு, சூடாக இருக்கும் ஸ்டட்டின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மெழுகு உருகி மரை வழியே உள்ளே உறிஞ்சப்படும். பிறகு இரட்டை நட்டு, அங்கிட்டு இங்கிட்டு. எண்ணெய் தோற்ற இடத்தில் பத்துப் பைசா மெழுகு ஜெயித்ததை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். டார்ச் எடுப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் எண்ணெய் ஈரம் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்கிறவர்கள் மட்டும் டப்பாவைப் படியுங்கள்: குளோரின் கலந்த கிளீனர் ஈரம் தீயில் பட்டால் விஷவாயு வரும்.

ஒடிந்தே போனால்

முதலில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடியுங்கள். ஒடிந்த கோபத்தில் அடுத்து எடுக்கிற கருவிதான் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஸ்டட் நாலைந்து மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் கை மீறவில்லை. கிரிப் பிளையரால் இரண்டு பக்கம் அரம் போட்டுத் தட்டையாக்கிய இடத்தில் கவ்வி, சூடு, மெழுகு, அங்கிட்டு இங்கிட்டு. மட்டத்தோடு மட்டமாக ஒடிந்திருந்தால் நான் இப்போது வெல்டிங் ஆளைத்தான் கூப்பிடுவேன். ஒடிந்த முகத்தின் மேல் ஒரு வாஷர் வைத்து, வாஷரின் துளை வழியே ஸ்டட்டோடு வெல்டு. அந்த வாஷரின் மேல் ஒரு நட்டு வைத்து மறுபடி வெல்டு. எஃகுக்கான வெல்டிங் பக்கத்து அலுமினியத்தில் ஒட்டாது. வெல்டிங் சூட்டிலேயே ஸ்டட்டின் பிடி பாதி உடைந்துவிடும். சிவப்பு மறைந்து, கை கிட்டே கொண்டுபோகலாம் என்கிற அளவுக்கு ஆறிய பிறகு ஸ்பேனர் போடுங்கள். ஒரு தடவையில் வராமல் நட்டு பிய்ந்து வந்தாலும் மனம் தளர வேண்டாம்; இரண்டாவது, மூன்றாவது நட்டில் வருவது சகஜம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியோடு இன்ஜின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் பிரித்து வையுங்கள்.

வெல்டிங் முடியாத இடத்தில்தான் டிரில். இதில் நடுப்புள்ளி தவறினால் எல்லாம் தவறும். ஒடிந்த முகம் கோணலாக இருக்கும். அதை அரத்தால் மட்டமாக்கி, சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, ஒரு அடி தள்ளி நின்று பார்த்து, சந்தேகமிருந்தால் திருத்திய பிறகே 3 மி.மீ. பிட். பிறகு 5. வேகம் குறைவாக, எண்ணெய் சொட்டிக்கொண்டே. எக்ஸாஸ்ட் துளைகளில் முன்னதாகவே துணியை அடைத்துவிடுங்கள். எஃகுத் தூளைக் காந்தம் எடுக்கும், அலுமினியத் தூளை எடுக்காது. பிட்டின் நுனியில் கிரீஸ் தடவினால் இரண்டும் அதில் ஒட்டும்.

இந்தக் கட்டத்தில் கடைக்காரர் ஈஸி அவுட் என்று ஒன்றைக் கொடுப்பார். ஒடிந்த ஸ்டட்டின் துளைக்குள் இடப்பக்கமாகக் கடித்துக்கொண்டு இறங்கி வெளியே இழுக்கும் முறுக்குக் கம்பி. பெயரில் இருக்கிற ஈஸியை நம்பாதீர்கள். வெளிநட்டைப் போட்டு முழு ஸ்டட்டையே கழற்ற முடியாத இறுக்கத்தை, அதைவிட மெல்லிய கம்பி கழற்றிவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது? என்னுடையது உள்ளேயே ஒடிந்தது. ஈஸி அவுட் மிகக் கடினமான எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்து அலுமினியத்தைத் தின்னப் போய்விடும். கடைசியில் ஹெட்டையே இறக்கி, கூலன்ட்டை வடித்து, குட்டியானையில் ஏற்றி, புதூர்ப் பக்கம் ஒரு லேத்து பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் மின்பொறியால் அரிக்கும் மிஷின் இருக்கும் இடத்துக்கு அனுப்பி எடுத்துக் கொடுத்தார்கள். சின்னப் பேக்கிங்குக்குத் தொடங்கிய வேலையில் ஹெட் பேக்கிங்கும் மாற்றினேன். ஒன்பது நாள் ஆனது அங்கேதான்.

ஈஸி அவுட்டுக்குப் பதிலாக, துளையைப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். 8 மி.மீ. ஸ்டட்டின் மரை வழக்கமாக 1.25 மி.மீ. இடைவெளி, அதற்கான துளை 6.8 மி.மீ. நடு தவறாமல் இருந்தால், 6.5 போடும்போதே மிச்சம் மெல்லிய ஓடாகி, சுருள் கம்பி மாதிரி உரிந்து வரும். ஹெட்டின் மரை கெட்டுவிட்டால் லேத்து பட்டறையில் ஹெலிகாயில் போடச் சொல்லுங்கள். அலுமினியத்துக்குள் எஃகுச் சுருள் மரை. பழைய மரையைவிட அது பலம். அதனால் அதை ஒட்டுவேலை என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

திரும்ப மாட்டுவது

துளைகளைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் டேப் வாங்கலாம். நான் பழைய போல்ட்டு ஒன்றின் மரையில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் மூன்று வெட்டு போட்டு வைத்திருக்கிறேன். அது புதிதாக வெட்டாது, குப்பையை மட்டும் வாரும். பிறகு சைக்கிள் பம்பால் ஊதுங்கள். மறுமுனை திறக்காத துளையின் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது ஸ்டட்டை முறுக்கினால், எண்ணெய் போக வழியில்லாமல் ஹெட்டில் விரிசல் விழலாம். சில வண்டிகளில் ஏதாவது ஒரு துளை கூலன்ட் ஓடும் வழிக்குள் திறந்திருக்கும். ஸ்டட்டை எடுத்ததும் பச்சையாகவோ சிவப்பாகவோ வடிந்தால் பயப்படாதீர்கள், அந்த ஸ்டட்டின் மரைக்கு மட்டும் சீலன்ட் தடவுங்கள்.

புது ஸ்டட் வாங்கக் கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். சிலவற்றில் இரண்டு முனையிலும் மரை இடைவெளி ஒரே மாதிரி இருக்காது, நீளமும் மாறும். தலை வெட்டிய போல்ட்டைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1911இல் டி.வி.எஸ். பிறந்த ஊர் இது, நல்ல நட்டு போல்ட்டுக்குப் பஞ்சமில்லை. 8.8 என்று குறி இருந்தால், முதல் 8 என்பது ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பதையும், அடுத்த 8 என்பது அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பதையும் காட்டும். அதற்குக் குறைந்தது வேண்டாம். நட்டு மட்டும் எல்லாவற்றுக்கும் புதுசு. பித்தளை நட்டோ செம்பு பூசியதோ கிடைத்தால் அடுத்த தடவை இந்தப் பாடு இருக்காது.

ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை உளியால் கொத்தாதீர்கள். பிளேடைப் படுக்கைவாட்டில் வைத்துச் சுரண்டுங்கள். மேனிஃபோல்டின் முகத்தில் எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து ஃபீலர் கேஜ் என்கிற, அளவு குறித்த மெல்லிய தகடுகளை நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்து மட்டம் பண்ணாமல் மாட்டினால் புது பேக்கிங்கும் சீக்கிரமே போய்விடும். ஸ்டட்டை விரலால் அடி வரை ஏற்றி, முட்டியதும் லேசாக ஒரு பிடி, அவ்வளவுதான். நட்டுப் பக்க மரையில் காப்பர் கிரீஸ் ஒரு பொட்டு. காப்பர் கிரீஸ் தடவிய மரை வழுக்கும் என்பதால் மேனுவலில் உள்ள முறுக்கின் மேல்வரம்புக்குப் போகாமல் கீழ்வரம்பிலேயே நிறுத்துகிறேன். நடு நட்டில் தொடங்கி, இடமும் வலமுமாக மாறி மாறி வெளியே போகவேண்டும்; மொத்த இறுக்கத்தையும் ஒரே சுற்றில் கொடுக்காமல் இரண்டு மூன்று சுற்றாக.

ஸ்டார்ட் செய்யும் முன் சோப்புத் தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும் முதல் அரை நிமிஷத்துக்குள் இணைப்பைச் சுற்றிச் சொட்டு விட்டுப் பார்த்தால், கசிவு இருக்கிற இடத்தில் குமிழி வரும். சூடேறிவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், ஒன்றும் தெரியாது. எண்ணெய் பட்ட இடமெல்லாம் கொஞ்ச நேரம் புகையும், பயப்படாதீர்கள். ஆனால் கதவைச் சாத்திய ஷெட்டுக்குள் நின்றுகொண்டு அதைப் பார்க்காதீர்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு, இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள்; புது பேக்கிங் அமுங்கியதில் ஒன்றிரண்டு நட்டு கொஞ்சம் ஏறும். அப்போதே சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்கும் பெயின்ட்டால், நட்டிலிருந்து மேனிஃபோல்டு வரை ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒயிட்னர் அங்கே கருகிவிடும். அடுத்த சர்வீஸில் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை, டார்ச் போதும்.